பழைய ஏற்பாட்டுக்கு குதிரை மேல என்ன கோவம்?

பைபிள புதுசா படிக்க ஆரம்பிக்கிறவங்க, அதுலயும் எபிரேய வேதம்னு சொல்ற பழைய ஏற்பாட்ட முதல்ல இருந்து வரிசையா படிக்கிறவங்க, கொஞ்ச தூரம் போனதும் ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. புத்தகம் முழுக்க சண்டை, ரத்தம், ராஜாக்கள்தான், ஆனா எவனாச்சும் தன்னோட படை பலத்த பத்தி பெருமையா வாய் திறந்தா உடனே தலையில ஒரு குட்டு விழுது. குதிரை பேச்சு வந்தா இன்னும் மோசம், ஏதோ ஜென்மப் பகை மாதிரி. சங்கீதம் 20ல "சிலர் இரதங்களைக்குறித்தும், சிலர் குதிரைகளைக்குறித்தும் மேன்மைபாராட்டுகிறார்கள்"னு ஆரம்பிச்சு, நாங்க எங்க கர்த்தரோட பேரைச் சொல்லித்தான் பெருமைப்படுவோம்னு முடியுது. சங்கீதம் 33 குதிரைய நம்பினா உயிர் பிழைக்க முடியாதுன்னு நேராவே சொல்லுது. தீர்க்கதரிசிங்க ஏசாயாவும் ஓசியாவும் இதையே திட்டாவே சொல்றாங்க.

இந்தக் கோவம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுட்டா, "படை பலத்தவிட தேவனுக்குக் கீழ்ப்படியறதும் அவர நம்புறதும்தான் முக்கியம்"னு சர்ச்சுல அடிக்கடி சொல்ற கருத்தும் புரிஞ்சிரும், அது மேலோட்டமா கேக்குற அளவுக்கு சிம்பிள் இல்லங்கறதும் புரியும்.

அந்தக் காலத்துல அந்த ஊர்ல உழவுக்கு மாடு, சுமைக்கு கழுதை. குதிரைன்னாலே ரதம், ரதம்னாலே போர். சமவெளியில ரதப்படை இறங்குச்சுன்னா நடந்து வர்ற ஆளுங்க கதி அவ்ளோதான், அதனால எகிப்து, அசீரியா மாதிரி வல்லரசுங்க இதுல காசக் கொட்டினாங்க. இஸ்ரவேலர் பெரும்பாலும் மலைநாட்டு ஜனங்க, அவங்ககிட்ட இந்த சமாச்சாரம் ரொம்ப நாளைக்கு கிடையாது. நியாயாதிபதிகள் 1:19 இத கொஞ்சமும் மறைக்காம சொல்லுது, கர்த்தர் யூதா கோத்திரத்தோட இருந்தாரு, மலைநாட்ட பிடிச்சாங்க, ஆனா பள்ளத்தாக்குல இருந்தவங்ககிட்ட இரும்பு ரதம் இருந்ததால அவங்கள துரத்த முடியலன்னு. இந்த வசனத்த வச்சு பிரசங்கம் பண்றவங்கள அதிகம் பாக்க முடியாது, ஆனா எனக்கு இது ரொம்ப முக்கியமான வசனம், ஏன்னா இத எழுதினவங்களுக்கு ஆயுதத்தோட பவர் தெரியாம இல்ல, நல்லாத் தெரிஞ்சுதான் அத நம்பாதன்னு எழுதியிருக்காங்க.

இப்ப சட்டத்துக்கு வருவோம். உபாகமம் 17ல ராஜாவுக்குன்னு தனியா சில விதிகள் இருக்கு. நிறைய குதிரை சேக்கக்கூடாது, குதிரை வாங்குறதுக்காக ஜனங்கள திரும்ப எகிப்துக்கு அனுப்பக்கூடாது, நிறைய பொண்டாட்டி கட்டக்கூடாது, வெள்ளியும் பொன்னும் அளவுக்கு மீறி குவிக்கக்கூடாது. இதுக்கெல்லாம் பதிலா அவன் செய்ய வேண்டியது என்னன்னா, தேவனோட சட்டமான நியாயப்பிரமாணத்த தனக்குன்னு ஒரு பிரதி எழுதி வச்சுக்கிட்டு தினமும் படிக்கணும். பக்கத்து நாட்டு ராஜாக்களோட பெருமையே படை, அந்தப்புரம், கஜானா மூணும்தான். அந்த மூணுலயும் கை வச்சுட்டு, நீ உக்காந்து புத்தகம் படின்னு சொல்றாங்க.

இதுல எகிப்துன்னு ஏன் குறிப்பா சொல்லணும்? அங்க இருந்துதான் அடிமைத்தனத்துல இருந்து வெளிய வந்தாங்க, ராணுவத்துக்காக அதே நாட்டோட வாசல்ல போய் நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, ஆயுதம் குடுக்கிறவன் சொல்றத கேட்டுத்தானே ஆகணும். இன்னொரு காரணமும் இருக்கு, 1 சாமுவேல் 8ல ஜனங்க எல்லா நாட்டையும் போல எங்களுக்கும் ராஜா வேணும்னு கேக்கிறப்ப, சாமுவேல் எச்சரிக்கிறாரு: அந்த ராஜா உங்க பசங்கள புடிச்சு ரதத்துக்கும் குதிரைக்கும் ஆள் வச்சுக்குவான், ரதத்துக்கு முன்னாடி ஓட விடுவான், ஆயுதம் செய்ய வைப்பான், உங்க வயலையும் திராட்சத்தோட்டத்தையும் எடுத்துக்குவான், கடைசில நீங்களே அவனுக்கு அடிமையாயிடுவீங்க. அதாவது பெரிய படைன்னா பெரிய வரி, கட்டாய வேலை. வெளிய இருக்கிற எதிரிக்காக சேத்த குதிரைக்கு தீனி போடுறது உள்ளூர் விவசாயிதான். பக்தி விஷயமா மட்டும் இத படிச்சா இந்தப் பக்கம் கண்ணுக்குப் படாமலே போயிடும்.

சாலொமோன் கதைய 1 இராஜாக்கள் 10, 11ல பாத்தா சிரிப்புதான் வரும். எருசலேம்ல வெள்ளி கல்லு மாதிரி கிடந்துச்சாம், 1,400 ரதம், 12,000 குதிரைவீரர், குதிரைங்க எகிப்துல இருந்து இறக்குமதி, ரேட் கூட போட்டிருக்கு, ரதம் 600 வெள்ளிக்காசு, குதிரை 150. பக்கத்தத் திருப்பினா 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். பொன்னு, குதிரை, பொண்டாட்டின்னு உபாகமத்துல தடை போட்ட மூணும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா வருது. உபாகமத்துல அந்தச் சட்டம் சாலொமோன் மாதிரி ராஜாக்கள மனசுல வச்சு எழுதப்பட்டதுன்னே பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. எதிர்ப் பக்கத்துல அவரோட அப்பா தாவீது, நிறைய ரதக்குதிரைங்கள பிடிச்சும் 100 ரதத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டு மத்த குதிரைங்களோட கால் நரம்ப வெட்டிட்டாருன்னு 2 சாமுவேல் 8ல இருக்கு. குதிரைக்கு அது கொடுமைதான்.

உபாகமம் 20 இன்னும் விசித்திரம். போருக்கு ஆள் சேக்கிற இடத்துல அதிகாரிங்க எழுந்து ஜனங்ககிட்ட கேக்கணுமாம்: புது வீடு கட்டி இன்னும் குடிபோகாதவன் யாரு, வீட்டுக்குப் போ. திராட்சத்தோட்டம் போட்டு அதோட பழத்த இன்னும் அனுபவிக்காதவன், வீட்டுக்குப் போ. நிச்சயம் பண்ணி கல்யாணம் ஆகாதவன், நீயும் போ. கடைசியா, யாருக்கு பயமா இருக்கு, அவனும் போகட்டும், இல்லன்னா கூட இருக்கிறவன் மனசும் கரைஞ்சிரும். எந்த ராணுவமாவது இப்படி ஆள் எடுக்குமா? ஆனா அந்த அதிகாரத்தோட முதல் வரி என்னன்னா, உன்னவிட பெரிய கூட்டத்தையும் குதிரையையும் ரதத்தையும் பாத்தா பயப்படாதங்கிறது, அதுக்கப்பறம் படையக் குறைக்கிற வேலை நடக்குது.

கிதியோன் கதை இதோட எக்ஸ்ட்ரீம். நியாயாதிபதிகள் 7ல அவர்கிட்ட 32,000 பேர் இருக்காங்க, எதிர்ல மீதியானியர் வெட்டுக்கிளி மாதிரி பரவிக் கிடக்கிறாங்க. பயப்படுறவன் போகலாம்னதும் 22,000 பேர் கெளம்பிட்டாங்க. மிச்சம் 10,000, இதுவும் ஜாஸ்தின்னு சொல்லி தண்ணி குடிக்க வச்சு 300 பேர நிறுத்துறாரு கர்த்தர். காரணமும் அங்கேயே இருக்கு, இல்லன்னா "என் கைதான் என்னை காப்பாத்துச்சு"ன்னு இஸ்ரவேல் பெருமையடிப்பாங்களாம். அந்த 300 பேர் ராத்திரியில எக்காளம், வெறும் பானை, பானைக்குள்ள தீவட்டி வச்சுக்கிட்டு பாளையத்தச் சுத்தி நின்னு பானைய உடைச்சு சத்தம் போட, எதிரிங்க குழம்பி ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிறாங்க. சண்டே ஸ்கூல்ல இதோட கதைய முடிச்சிருவாங்க. நீங்க 8ம் அதிகாரத்தையும் படிங்க, ஜெயிச்ச உடனே ஜனங்க கிதியோன்கிட்ட வந்து நீங்கதான் எங்கள மீதியானியர்கிட்ட இருந்து காப்பாத்தினீங்க, அதனால நீங்களும் உங்க மகனும் பேரனும் எங்கள ஆளணும்னு கேக்குறாங்க. ஆள 300 ஆக்கியும் கிரெடிட் மனுஷனுக்குத்தான் போச்சு! கிதியோன் ஆட்சிய வேண்டாம்னுட்டாரு, ஆனா கொள்ளையில கிடைச்ச பொன்ன வாங்கி ஏபோத்து (ஆசாரியர் போடுற அங்கி மாதிரி) ஒண்ணு செஞ்சு வைக்க, அதுவே எல்லாருக்கும் கண்ணியாப் போச்சுன்னு கதை கசப்பா முடியுது.

இதுவரைக்கும் படிச்சா புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு தப்பான முடிவு ஈஸியா தோணும். ஒண்ணு, சும்மா உக்காந்திருந்தா போதும் தேவன் பாத்துக்குவாரு. ரெண்டாவது, சாமி நம்ம பக்கம் இருந்தா ஜெயம் நிச்சயம். ரெண்டையும் அதே புத்தகமே உடைக்குது.

முதல்ல சும்மா இருக்கிறது. "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்"னு யாத்திராகமம் 14:14, நம்ம ஊர் கிறிஸ்தவ வீடுகள்ல காலண்டர்லயும் வாக்குத்தத்த அட்டையிலயும் அடிக்கடி வர்ற வசனம். பின்னாடி பார்வோனோட 600 ஸ்பெஷல் ரதம், முன்னாடி கடல், அந்த இடத்துல மோசே சொல்றது. அடுத்த வசனம் அட்டையில வராது, அதுல கர்த்தர் மோசேகிட்ட ஏன் என்கிட்ட முறையிடுற, ஜனங்கள நடக்கச் சொல்லுன்னு சொல்றாரு. சும்மா இருன்னா சண்டை போடாதன்னு அர்த்தம், கால எடுத்து வைக்காதன்னு இல்ல, அதுவும் தண்ணி இன்னும் பிரியறதுக்கு முன்னாடி.

ரெண்டாவது தப்பு இன்னும் ஆபத்தானது. 1 சாமுவேல் 4ல பெலிஸ்தர்கிட்ட இஸ்ரவேலர் தோத்து 4,000 பேர் சாகுறாங்க. மூப்பர்கள் உக்காந்து, இன்னைக்கு கர்த்தர் நம்மள ஏன் தோக்க விட்டாருன்னு கேக்குறாங்க, ரொம்ப சரியான கேள்வி, ஆனா பதிலுக்கு ஒரு நிமிஷம் கூட காத்திருக்கல, அடுத்த வரியிலயே சீலோவுல இருக்கிற உடன்படிக்கைப் பெட்டிய (பத்துக் கட்டளை எழுதின கற்பலகைகள வச்ச புனிதப் பெட்டி) தூக்கிட்டு வருவோம்னு முடிவு பண்ணிட்டாங்க. பெட்டி வந்ததும் பூமி அதிர்ற மாதிரி ஆரவாரம், பெலிஸ்தருக்கே பயம் வந்துருச்சு. அப்பறம் என்ன ஆச்சு, 30,000 பேர் செத்தாங்க, பெட்டி எதிரி கையில போச்சு, பெட்டியோட வந்த ஆசாரியர் ஓப்னியும் பினெகாசும் காலி, செய்தி கேட்ட அவங்க அப்பா ஏலி, 98 வயசு, உக்காந்திருந்த ஆசனத்துல இருந்து மல்லாக்க விழுந்து கழுத்து முறிஞ்சு போய்ச் சேர்ந்தாரு. கர்த்தரோட பெட்டிய தாயத்து மாதிரி கட்டிக்கிட்டு போனாங்க, குதிரை இருந்த இடத்துல பெட்டிய வச்சாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அந்த ரெண்டு பசங்களும் காணிக்கையில கை வச்சு ஜனங்கள படுத்தின பாடு ரெண்டு அதிகாரத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கு, அத சரி பண்ணணும்னு யாருக்கும் தோணல.

கீழ்ப்படிதல்ங்கற பாதி இங்கதான் உள்ள வருது. நம்பிக்கை மட்டும்னா அந்த மூப்பர்களுக்கும் இருந்துச்சே, குறையா சொல்ல முடியாது. ஆனா தேவன் என்ன சொல்றாருன்னு கேக்கிற பழக்கம் இல்ல. இஸ்ரவேலோட முதல் ராஜா சவுல் கதையும் இதுதான், அமலேக்கியர ஜெயிச்சுட்டு நல்ல ஆடுமாடா பாத்து வச்சுக்கிட்டு, பலி குடுக்கத்தான்னு சாக்கு சொல்றப்ப சாமுவேல் சொன்ன வரி ரொம்ப ஃபேமஸ், பலியவிட கீழ்ப்படிதல் உத்தமம்னு.

அந்த 1 சாமுவேல் 15ஐ நான் ஈஸியா தாண்டிப் போக விரும்பல. சவுலுக்கு வந்த கட்டளையில பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாரையும் கொல்லணும்னுதான் இருக்கு. படிச்சா வயித்தப் பெசையும், பெசையணும். யூத மரபுலயே இதோட ரொம்ப மல்லுக்கட்டியிருக்காங்க, கானானோட ஏழு ஜாதிகள அழிக்கச் சொன்ன கட்டளை பத்தி 12ம் நூற்றாண்டுல யூத அறிஞர் மைமோனிதேஸ், அந்த ஜாதிங்க அடையாளமே இப்ப இல்லாமப் போச்சுன்னு எழுதி வச்சாரு, அதாவது இன்னைக்கு யார் மேலயும் அத பிரயோகிக்க முடியாது. கீழ்ப்படிதல்னு சொல்ற கருத்து நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்குக் கீழ்ப்படியச் சொல்றாங்கன்னு கேக்காம இருக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன், அந்தக் கேள்விக்கு இந்த அதிகாரத்துல எனக்கு நிம்மதியான பதில் கிடைக்கல.

சரி, இப்ப இந்தக் கருத்தோட மெயின் சீனுக்கு வரலாம். எருசலேம்ல வண்ணார்துறைக்குப் போற வழியில மேல்குளத்துத் தண்ணி வர்ற கால்வாய் பக்கம் ஒரு இடம். ஏசாயா 7லயும் 2 இராஜாக்கள் 18லயும் ரெண்டு வெவ்வேற ராஜா காலத்துல இதே இடத்த குறிப்பிட்டு எழுதியிருக்காங்க, தற்செயலா இருக்க வாய்ப்பே இல்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருன்னு சொல்ற மாதிரிதான் எனக்குப் படுது.

முதல் தடவை யூதா ராஜா ஆகாஸ், கி.மு. 734 வாக்குல. சாலொமோனுக்கு அப்பறம் நாடு வடக்குல இஸ்ரவேல், தெற்குல எருசலேம தலைநகரா வச்ச யூதான்னு ரெண்டா பிரிஞ்சிருச்சு. வடக்குல இருந்து சீரியா ராஜா ரேத்சீனும் இஸ்ரவேல் ராஜா பெக்காவும் கூட்டு சேந்து ஆகாச இறக்கிட்டு தங்களுக்கு ஏத்த ஆள உக்கார வைக்க வர்றாங்க. செய்தி கேட்டு ராஜாவோட மனசும் ஜனங்க மனசும் காத்துல காட்டு மரம் ஆடுற மாதிரி ஆடுச்சாம். முற்றுகை வந்தா தண்ணி வேணுமேன்னு ராஜா கால்வாய பாக்கப் போயிருக்கலாம். அங்க ஏசாயா தன்னோட பையனையும் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. பயப்படாத, அமைதியா இரு, அவனுங்க ரெண்டு பேரும் புகையிற கொள்ளிக்கட்டை, இப்ப அணைஞ்சிரும், ஆனா நீங்க விசுவாசிக்கலன்னா நிலைக்க மாட்டீங்கன்னு சொல்றாரு. வேணும்னா ஒரு அடையாளம் கேளுன்னும் ஆஃபர் வருது. ஆகாஸ் ரொம்ப பக்தியா, ஐயோ நான் கர்த்தர சோதிக்க மாட்டேன்னு நழுவிடுறாரு. அவர் பிளான் வேற, 2 இராஜாக்கள் 16ல இருக்கு, ஆலயத்துல இருந்த வெள்ளியும் பொன்னும் எடுத்து அசீரிய ராஜா திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, நான் உம்ம அடிமை, உம்ம மகன், வந்து காப்பாத்தும்னு எழுதுறாரு.

அரசியலா பாத்தா பிளான் வொர்க் ஆச்சு! கி.மு. 732ல தமஸ்கு விழுந்துச்சு, ரேத்சீன் செத்தான், வடக்கு இஸ்ரவேலும் 722ல அசீரியாகிட்ட மொத்தமா போச்சு. ஆனா சின்ன நாயை விரட்ட புலிய வீட்டுக்குள்ள விட்டாச்சே, அடுத்த தலைமுறைக்கு அந்தப் புலி வந்துச்சு.

ஆகாசோட மகன் எசேக்கியா காலத்துல, கி.மு. 701ல, அசீரிய ராஜா சனகெரிப் யூதா மேல படையெடுத்து வந்தான். இது பைபிள்ல மட்டும் இருக்கிற கதை இல்ல, சனகெரிப் தன்னோட களிமண் பட்டயத்துல 46 கோட்டை நகரங்கள பிடிச்சேன், எசேக்கியாவ எருசலேம்ல கூண்டுப் பறவை மாதிரி அடைச்சேன்னு பெருமையா எழுதி வச்சிருக்கான். லாகீஸ் ஊர பிடிச்சத நினிவே அரண்மனைச் சுவர்ல கல்லுல செதுக்கினான், அந்தக் கல்லுங்க இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, மண்மேடு கட்டி மதில இடிக்கிறதும், வரிசையா மூட்டை முடிச்சோட ஜனங்கள இழுத்துட்டுப் போறதும் அப்படியே தெரியும். லாகீஸ்ல அந்த மண்மேடு இன்னைக்கும் கிடக்கு.

லாகீஸ்ல இருந்து சனகெரிப் தன்னோட ஆளுங்கள எருசலேமுக்கு அனுப்புறான், அவங்க வந்து நிக்கிற இடம் அதே மேல்குளத்துக் கால்வாய், வண்ணார்துறை வழி. ரப்சாக்கேங்கிற அசீரிய அதிகாரி பேசுறான், மதில் மேல ஜனங்க உக்காந்து கேக்குறாங்க. இந்தப் பேச்ச தயவுசெஞ்சு முழுசா படிங்க, 2 இராஜாக்கள் 18:19ல இருந்து. என்ன நம்பிக்கையில இருக்கன்னு கேட்டே ஒவ்வொரு முட்டாவும் உருவுறான். எகிப்தா, அது நெரிஞ்ச நாணல், ஊன்றினா கையிலயே குத்தும் (இதே விஷயத்த ஏசாயாவும் சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு!). கர்த்தரா, அவர கும்பிட்ட மேடைங்களத்தானே உங்க ராஜா இடிச்சாரு. அப்பறம் வருது நக்கல்: நான் உனக்கு 2,000 குதிரை தர்றேன், அதுல ஏத்தி உக்கார வைக்க உன்கிட்ட ஆள் இருக்கான்னு கேக்குறான். குதிரைய நம்பாதேன்னு நூறு தடவ சொன்ன புத்தகத்துல, குதிரைய சும்மா தர்றேன்னு எதிரி ஆஃபர் பண்றான், நம்மகிட்ட ஓட்டத் தெரிஞ்ச ஆளே இல்ல. மதில் மேல இருக்கிற ஜனங்களுக்குப் புரியக்கூடாதுன்னு எசேக்கியாவோட ஆளுங்க, ஐயா அராமிக் மொழியில பேசுங்கன்னு கெஞ்சுறாங்க, அவன் வேணும்னே சத்தமா யூதர் பாஷையிலயே கத்துறான். ஜனங்க வாய் திறக்கல, பதில் பேசாதீங்கன்னு ராஜா கட்டளை.

அடுத்து அசீரிய ராஜாகிட்ட இருந்து மிரட்டல் கடிதம் வருது, எசேக்கியா அத எடுத்துட்டு ஆலயத்துக்குப் போய் கர்த்தர் முன்னாடி விரிச்சு வைக்கிறாரு. அப்பன் அதே ஆலயத்துல இருந்து வெள்ளிய எடுத்து அசீரியாவுக்கு அனுப்பினான், மகன் அசீரியாவோட கடிதத்த எடுத்துட்டு வந்து ஆலயத்துல விரிக்கிறான். அன்னைக்கு ராத்திரி கர்த்தரோட தூதன் அசீரியர் பாளையத்துல 1,85,000 பேர சங்கரிச்சான்னும், சனகெரிப் நினிவேக்குத் திரும்பிப் போய் பின்னாடி தன்னோட பசங்க கையாலேயே செத்தான்னும் 19ம் அதிகாரம் சொல்லுது.

சரித்திரமா என்ன நடந்துச்சுன்னு கேட்டா, சனகெரிப் அத்தனை பெருமையடிச்சும் எருசலேம பிடிச்சேன்னு எங்கயுமே எழுதல, அது நிச்சயம். ஆனா எசேக்கியா கப்பம் கட்டினாருன்னு எழுதியிருக்கான், 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி (தாலந்துங்கறது அந்தக் காலத்து எடை அளவு). பைபிள் இத மறைக்கல, 2 இராஜாக்கள் 18:14ல இருந்து 16 வரைக்கும் 30 தாலந்து பொன்னும் 300 தாலந்து வெள்ளியும்னு இருக்கு, ஆலயக் கதவுல இருந்த பொன்தகட்ட எல்லாம் உரிச்சுக் குடுத்தாராம். ஆக அப்பன் செஞ்ச வேலைய மகனும் ஒரு கட்டத்துல செஞ்சாரு, அப்பறம்தான் கடிதத்த விரிச்சாரு. இந்த மூணு வசனத்த விட்டுட்டு சொல்ற பிரசங்கத்துல எசேக்கியா பெரிய ஹீரோவா இருப்பாரு, ஆனா மூணு வசனத்தோட இருக்கிற எசேக்கியாதான் நம்பும்படியா இருக்காரு.

அவர் தண்ணி, மதில் எல்லாம் கூட பாத்துக்கிட்டாரு. எருசலேம்ல பாறைய குடைஞ்ச 533 மீட்டர் நீள சுரங்கம் இன்னைக்கும் இருக்கு, தண்ணிக்குள்ள நடந்து போகலாம், பொதுவா எசேக்கியாவோட வேலைன்னுதான் சொல்றாங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும் தோண்டிட்டு வந்தவங்க நடுவுல ஒருத்தர் குரல ஒருத்தர் கேட்டு சந்திச்சத சொல்ற கல்வெட்டு 1880ல கிடைச்சுது, இப்ப இஸ்தான்புல்ல இருக்கு. சுமார் 7 மீட்டர் அகல மதில் ஒண்ணும் கண்டுபிடிச்சிருக்காங்க. இதெல்லாம் நம்பிக்கை இல்லாத்தனமா? ரெண்டு விதமா எழுதியிருக்காங்க. 2 நாளாகமம் 32 இந்த வேலைய எல்லாம் பாராட்டுற மாதிரியே சொல்லுது. ஏசாயா 22ல அதே மாதிரி வேலைங்கள, ஆயுதசாலைய பாத்தீங்க, குளத்துல தண்ணி சேத்தீங்க, வீட்ட இடிச்சு மதில் கட்டினீங்கன்னு வரிசையா அடுக்கிட்டு, இத எல்லாம் உண்டாக்கினவர மட்டும் திரும்பிப் பாக்கலையேன்னு கடுமையா கேக்குது. மதில் கட்டினது குத்தம்னு அங்கயும் சொல்லல. நீதிமொழிகள் 21:31ம் அதேதான், குதிரைய யுத்தத்துக்கு தயார் பண்ணுவாங்க, ஜெயம் கர்த்தர்கிட்ட இருந்து வரும்னு.

பிற்காலத்துலயும் இந்த ரெண்டு போக்கும் இருந்துச்சு. வேதபாரகர் எஸ்றா பாபிலோன்ல இருந்து எருசலேமுக்கு, நாடுகடத்தப்பட்ட ஜனங்களையும் பொன்னையும் கூட்டிட்டு வர்றப்ப, ராஜாகிட்ட எங்க தேவன் காப்பாத்துவாருன்னு சொல்லிட்டு இப்ப போய் குதிரைவீரர பாதுகாப்புக்குக் கேக்க வெக்கமா இருந்துச்சுன்னு எழுதறாரு, உபவாசம் இருந்து கெளம்பிட்டாங்க. அதே பாரசீக ராஜ்யத்துல நெகேமியா வர்றப்ப படைத்தலைவர், குதிரைவீரர் எல்லாம் கூட வந்தாங்க, அவர் கூச்சப்படவே இல்ல, மதில் கட்டுறப்பவும் ஜெபம் பண்ணினோம், காவலும் வச்சோம்னு எழுதறாரு. ரெண்டு பேரையும் புத்தகம் நல்லவங்களாத்தான் காட்டுது.

எனக்கு ரொம்ப பிடிச்ச, ரொம்ப கஷ்டமான பகுதி எரேமியா தீர்க்கதரிசியோடது. 701ல எருசலேம் தப்பிச்சதால, அதுக்கப்பறம் நூறு வருஷத்துல ஜனங்களுக்கு ஒரு தைரியம் வந்துருச்சு, ஆலயம் இங்க இருக்கு, யாராலயும் எதுவும் பண்ண முடியாதுன்னு. எரேமியா 7ல அவர் ஆலய வாசல்ல நின்னு, கர்த்தருடைய ஆலயம், கர்த்தருடைய ஆலயம்னு சொல்லிக்கிட்டே இருக்காதீங்க, பரதேசியையும் (வேற நாட்டுல இருந்து வந்து தங்கினவன்) அநாதையையும் விதவையையும் நசுக்காதீங்க, பெட்டி இருந்த சீலோவுக்கு என்ன ஆச்சுன்னு போய்ப் பாருங்கங்கறாரு. பாபிலோன் படை முற்றுகை போட்டப்ப அவர் சொன்னது அதவிட அதிர்ச்சி: சரணடைஞ்சிடுங்க, வெளிய போறவன் பிழைப்பான். ஏசாயா விழாதுன்னு சொன்ன அதே நகரம், அதே தேவன், இப்ப எதிரிகிட்ட போய்ச் சரணாகதியாகுன்னு வார்த்தை வருது. அவருக்கு எதிரா அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ரெண்டு வருஷத்துல பாபிலோனோட நுகம் முறியும்னு ஜம்முனு சொல்றாரு. கேட்டா அனனியா பேச்சுதான் ஏசாயா மாதிரி, விசுவாசமா இருக்கும். ஆனா அது பொய்யாப் போச்சு.

பழைய வெற்றிய ஃபார்முலா ஆக்கினா இதுதான் நடக்கும்னு இந்தப் புத்தகமே காட்டுது. கீழ்ப்படிதல்ங்கறது அன்னைக்கு என்ன சொல்றாருன்னு கேக்கிறது, அது சில நேரம் நில்லுன்னு வரும், சில நேரம் தோல்விய ஒத்துக்கோன்னு வரும். அதிகாரிங்களுக்கு இது தேசத்துரோகமா பட்டுச்சு, போர்வீரர் கைய தளர விடுறான்னு சொல்லி எரேமியாவ சேறு நிறைஞ்ச துரவுல கயிறு கட்டி இறக்கிட்டாங்க. லாகீஸ்ல 1935ல கிடைச்ச அந்தக் காலத்து ஓட்டுச்சில்லுக் கடிதம் ஒண்ணுலயும் கைய தளர விடுறாங்கங்கற அதே புகார் இருக்கு, யாரையோ பத்தி. எரேமியாவ வெளிய எடுத்தது எபெத்மெலேக்னு அரண்மனையில வேலை செஞ்ச எத்தியோப்பியர், கயிறு அறுக்காம இருக்க பழைய கந்தல் துணிய அக்குள்ல வச்சுக்கங்கன்னு மேல இருந்து சொல்லி தூக்குறாரு. சிதேக்கியா ராஜா ரகசியமா வந்து கேட்டாரு, ஆனா கேட்டபடி செய்யல. கி.மு. 586ல எருசலேம் விழுந்து எல்லாம் முடிஞ்சுது.

கீழ்ப்படிஞ்சா ஜெயம், இல்லன்னா தோல்வின்னு கணக்குப் போட்டா இடிக்கிற இடங்களும் இருக்கு. யோசியாவ மாதிரி முழு மனசோட கர்த்தர்கிட்ட திரும்பின ராஜா அவருக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்லன்னு 2 இராஜாக்கள் 23 சொல்லுது, அதே அதிகாரத்துல கி.மு. 609ல மெகிதோவுல எகிப்து பார்வோன் நேகோ அவர கொன்னுபோட்டான்னும் ஒரே வரியில சொல்லிட்டு நகந்திருது. நாளாகமம் எழுதினவருக்கு இது பொறுக்கல போல, நேகோ வாயில வந்த தேவனோட வார்த்தைய யோசியா கேக்கலன்னு காரணம் சொல்றாரு, எகிப்து ராஜா மூலமா கூட வார்த்தை வரலாம்னா யார்தான் தப்பிக்க முடியும்? சங்கீதம் 44 காரணமே தேடல. என் வில்ல நம்ப மாட்டேன், என் பட்டயம் என்னை ரட்சிக்காதுன்னு சரியான பாடத்த ஒப்பிச்சுட்டு, அப்படியும் எங்கள சிதற அடிச்சீங்க, நாங்க உங்கள மறக்கலையே, உடன்படிக்கைக்குத் துரோகம் பண்ணலையே, ஏன் தூங்குறீங்க எழுந்திருங்கன்னு தேவனையே சத்தம் போடுது. இந்தப் பாட்டையும் வழிபாட்டுப் பாட்டுல சேத்து வச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் இந்த புத்தகத்து மேல எனக்கு மரியாதை வருது.

படிக்க ஆரம்பிக்கிறவங்க ஆதியாகமத்துல இருந்து வரணும்னு இல்ல. ஏசாயா 7, பக்கத்துல 2 இராஜாக்கள் 16, அப்பறம் 18, 19 ரெண்டும் சேத்து ஒரே மூச்சுல. ஏசாயா 30, 31 குதிரை பத்தின சூடான பகுதி, அதையும் அப்ப படிச்சா யாரத் திட்டுறாருன்னு புரியும். பிறகு எரேமியா 27, 28, 37, 38. நடுவுல கிதியோன் வேணும்னா நியாயாதிபதிகள் 6ல இருந்து 8 வரைக்கும், 7ஓட நிறுத்தாதீங்க. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முரடா இருந்தா பொது மொழிபெயர்ப்புல பாருங்க, ரப்சாக்கே பேச்சு அதுல இன்னும் சுலபமா போகும், பேர் மட்டும் ஆகாசு, எசாயான்னு கொஞ்சம் மாறியிருக்கும்.